மஞ்சள் தடவாத கவர்

கோடி எடுக்க வருகிறவர்களை உத்திராபதி வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். கல்யாணக் கூட்டம் கடைக்குள் சத்தத்தோடு நுழையும். கோடிக்கு வருகிறவர்கள் இரண்டு பேராக வந்து, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள். கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு புதுப்புடவை வந்தாக வேண்டும். அது வந்து போர்த்தாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். அந்தப் புடவையை விற்பதற்கென்று சிதம்பரம் மேலவீதியில் இருந்த அந்த ஜவுளிக்கடையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பிரித்துக் காட்டக் கூடாது. கடைப் பேர் போட்ட பையில் போடக் கூடாது, பழைய பேப்பரில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். போகிறவர்களிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்லவே கூடாது.

பதினைந்து வருஷமாகப் பட்டு செக்‌ஷனில் நிற்கிற உத்திராபதிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மற்ற வாடிக்கையாளர்களிடம் அவருக்கு வேறு ஒரு பாட்டு உண்டு. பில் போட்டு, பையைக் கையில் கொடுக்கும்போது தவறாமல் சொல்வார்.

"ஜரிகைப் பொடவம்மா. பீரோவுல வெச்சதோட மறந்துடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பிரிச்சு மடிப்ப மாத்தி வைங்க. ஒரே மடிப்புல கெடந்தா மடிப்போட விட்டுடும். அப்புறம் எங்ககிட்ட வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது."

ஊருக்கெல்லாம் உபதேசம் சொன்னவர் கதைதான் இது.

அவருக்கு ஒரே தங்கச்சி, சந்திரலேகா. கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை தில்லைநாதன் மின்சார வாரியத்தில் வயர்மேன். அப்பா அம்மா போன பிறகு சந்திரலேகாவுக்குப் பிறந்த வீடு என்றால் இந்த அண்ணன்தான். உத்திராபதிக்கும் அவர் மனைவி பட்டம்மாளுக்கும் பிள்ளை இல்லை. தங்கச்சி மகள் சிவகாமிதான் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பிள்ளை.

கடையில் சேர்ந்த புதிதில் அவர் தன் கையால் தேர்ந்தெடுத்த முதல் முகூர்த்தப் புடவை சந்திரலேகாவினுடையது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர். அதற்குப் பிறகு வருஷா வருஷம் தீபாவளிக்குச் சேலை எடுக்க அவள் சிதம்பரம் வந்துவிடுவாள். அவளைக் கண்டாலே புடவை எடுத்துப் போடுகிற கடைப்பையன் கோவிந்தசாமி கவுண்டரின் அடியில் ஒளிந்துகொள்வான். நாற்பது புடவை பிரிக்கச் சொல்வாள். ஒவ்வொன்றையும் முந்தானை முதல் உள்தலைப்பு வரை வெளிச்சத்தில் பிடித்து, இழை விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்ப்பாள். மயில் கழுத்துப் பச்சையில் ஆரம்பித்து, "இந்தக் கலரு எனக்கு எடுப்பா இருக்காதுண்ணே" என்று அதைத் தள்ளிவிட்டு, வேறு எதையோ எடுத்துக்கொண்டு போவாள். மறுநாளே வந்து அதையும் மாற்றுவாள். "உன் ஒருத்தியால எனக்கு வேல போயிடும்" என்பார் அண்ணன். போகவில்லை, போகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

உத்திராபதி நல்லவர்தான். ஆனால் மரியாதை விஷயத்தில் மட்டும் தொட்டாற்சிணுங்கி. நாள் முழுக்கக் கண்டவர்களுக்கும் கும்பிடு போட்டு "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்று சொல்லிப் பிழைக்கிற மனுஷன். சொந்தக்காரர்களாவது தன்னைத் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பார். ஒரு கல்யாணத்தில் பந்திக்கு இரண்டாவது முறை கூப்பிடவில்லை என்று சாப்பிடாமல் வந்தவர்.

2006 ஆவணியில் சிவகாமி பெரியவளானாள். மஞ்சள் நீராட்டு வைப்பதென்று பேசியாயிற்று. தண்ணீர் ஊற்றியதும் பெண் கட்டிக்கொள்கிற புடவை தாய்மாமன் கொண்டுவருவதாக இருக்க வேண்டும். உத்திராபதி ஒரு வாரமாகக் கடையின் சரக்கையெல்லாம் அலசி, அரக்கு நிறத்தில் ஒரு பட்டைத் தேர்ந்தெடுத்து, அட்டைப்பெட்டியில் போட்டுத் தன் கவுண்டருக்குக் கீழே வைத்திருந்தார். கோவிந்தசாமி தொட்டால்கூடக் கையைத் தட்டிவிடுவார்.

அன்றைக்கு முகூர்த்த சீசன் கூட்டம். கவுண்டரில் ஒரு கல்யாண வீட்டார் மலைபோலப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நெரிசலில் சந்திரலேகா தனியாக உள்ளே வந்தாள். வேர்த்து ஊற்றியது. முகமெல்லாம் சிரிப்பு. கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து, நாலு பேர் தலைக்கு மேல் கையை நீட்டினாள்.

"அண்ணே, இத ஒரு பார்வ பாத்துட்டு..."

"இன்னா இது?"

"பத்திரிகைதாண்ணே. சிவகாமிக்கு."

உத்திராபதி கவரைப் பார்த்தார். வெள்ளைக் கவர். நாலு மூலையிலும் மஞ்சள் இல்லை. சுபகாரியப் பத்திரிகைக்கு மூலையில் மஞ்சள் தடவாமல் யாரும் கொடுக்க மாட்டார்கள். மஞ்சள் இல்லாமல் வருவது கருமாதிப் பத்திரிகை ஒன்றுதான். அவருக்குக் கோபம் உச்சி மயிர் வரை ஏறியது.

"தட்டு எங்க? மாப்ள எங்க? தாய்மாமனுக்குப் பத்திரிகை வெக்கிற எடம் கடை கவுண்டரா? மூலையில மஞ்ச தடவக்கூட உனக்கு நேரமில்ல, இல்ல?"

கல்யாண வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். சந்திரலேகாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"பாக்காமலே பேசறியேண்ணே. பிரிச்சுப் பாரு."

"வியாபார நேரம். வெச்சிட்டுப் போ. இப்படித்தான் கூப்புடுவேன்னா என்ன எதிர்பாக்காத."

அவளும் அதே ரத்தம்தானே. கவரைப் புடவைக் குவியல்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உத்திராபதி அந்தக் கவரைப் பிரிக்காமலே அரக்குப் புடவைப் பெட்டிக்குள் திணித்தார். இரவு வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவின் மேல்தட்டில் தள்ளினார்.

சனிக்கிழமை கடை போன் அடித்தது. கோவிந்தசாமி எடுத்து, "அண்ணே, கடலூர்லேர்ந்து தங்கச்சி" என்றான்.

"இல்லன்னு சொல்லு."

கோவிந்தசாமிக்குப் பொய் வராது. "இல்லன்னு சொல்லச் சொல்றாரும்மா" என்று சொல்லிவிட்டான். அதற்கப்புறம் போன் வரவில்லை.

மஞ்சள் நீராட்டு நாளில் உத்திராபதி வழக்கத்தைவிட ஜாஸ்தி புடவை விற்றார். ஒரு வாரம் கழித்து, கடலூரிலிருந்து வந்த தெரிந்த பெண்மணி ஒருத்தி சொன்னாள், தண்ணீர் ஊற்றிய பிறகு சிவகாமிக்கு அவள் அம்மாவின் பழைய கல்யாணப் புடவையைக் கட்டிவிட்டார்களாம். அவர் வீட்டுக்கு வந்து குதித்தார்.

"பழசக் கட்டி வுட்டுருக்கா. எம் பொடவ அவளுக்கு வேணாம்னு ஊருக்கே காட்டறா, பாத்தியா?"

பட்டம்மாள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள், "நீ குடுத்தியா? குடுத்து, அவ வேணாம்னாளா?"

பதில் இல்லாதபோது சத்தம் போடுவது அவர் வழக்கம். போட்டார்.

வருஷம் போகப் போகக் கோபம் தேய்ந்துபோனது. வீம்புதான் நின்றது. 'சின்னவதானே, அவளா வரட்டும்' என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கடை வாசலைப் பார்ப்பார். மயில் கழுத்துப் பச்சையில் புதுச் சரக்கு வந்தால் இரண்டு நாள் விற்காமல் வைத்திருந்து பிறகு விற்பார். அதை வெளியில் சொல்ல மாட்டார்.

2009 ஆனித் திருமஞ்சனத் தேரன்று, தேர் மேலவீதியில் வரும்போது கடை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் சந்திரலேகா நின்றாள். பக்கத்தில் அவளைவிட உயரமாக சிவகாமி. எல்லோரும் தேரைப் பார்க்க, சந்திரலேகா மட்டும் கடை மாடியைப் பார்த்தாள். உத்திராபதி குனிந்து துணி பேல்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நாற்பத்தாறு வயது மனிதர், தங்கச்சிக்குப் பயந்து பேலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தேர் போன பிறகு எழுந்து பார்த்தபோது அவள் இல்லை. தான் செய்தது கேவலம் என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது, எழுந்து போகிற கால் வேண்டுமே.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி விடியற்காலை தானே புயல் அடித்தது. சிதம்பரத்துக்கும் அடிதான், ஆனால் கடலூர் உருத்தெரியாமல் போயிற்று என்றார்கள். மரம் இல்லை, கரண்டு இல்லை, போன் இல்லை. உத்திராபதிக்குத் தூக்கம் போய்விட்டது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா இல்லை.

"போயிப் பாத்துட்டுதான் வாயேன்" என்றாள் பட்டம்மாள்.

"பஸ் இல்லியே."

ஞாயிற்றுக்கிழமை பஸ் விட்டார்கள். "ரோட்டுல இன்னும் மரம் கெடக்காம்" என்றார். திங்கட்கிழமை, "முதலாளிகிட்ட லீவு கேக்கணும்" என்றார். உண்மையில் அவர் தங்கச்சி வாசலில் என்ன சொல்லி நிற்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷம் கழித்துப் போகிறவன் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது? செவ்வாய்க்கிழமை காலை லீவு கேட்டார். புதன்கிழமைக்குக் கிடைத்தது. ஒரு மயில் கழுத்துப் பச்சையை எடுத்துத் தனியாக வைத்தார். 'இந்தக் கலரு உனக்கு எடுப்பாத்தான் இருக்கும், கட்டிப் பாரு' என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடலாம் என்று தீர்மானித்தபோது மனசு லேசாகிவிட்டது. கோவிந்தசாமியிடம் சிரித்துக்கூடப் பேசினார்.

மதியம் கடை போன் அடித்தது. கடலூர் லைன் அன்றைக்குத்தான் வந்திருந்தது.

"மாமா, நான் சிவகாமி பேசறேன்."

குரல் மாறியிருந்தது. பதிமூன்று வயதில் கேட்ட குரல், இப்போது பெரிய பெண்ணின் குரல்.

"அம்மா போயிட்டாங்க மாமா. மோட்டார் ஓடல, நாலு நாளா ரெண்டு தெரு தள்ளி அடிபம்புலேர்ந்துதான் தண்ணி தூக்கினாங்க. அப்பா லைன் வேலைன்னு வூட்டுக்கே வரல. காலையில கொடத்தோட வந்து ஒக்காந்தவங்க எழுந்துக்கல." கொஞ்சம் நிறுத்தி, ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "கோடி எடுத்துகினு வரச் சொல்றாங்க. பொறந்த வூட்டுக் கோடி வராம எடுக்க மாட்டாங்களாம்."

உத்திராபதி போனை வைத்துவிட்டுத் தன் கவுண்டருக்கே வந்தார். ஆனால் விற்கிற பக்கம் போகாமல், வாங்க வருகிறவர்கள் நிற்கிற பக்கம் நின்றார். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்போல நின்றார். கோவிந்தசாமி அவர் முகத்தைப் பார்த்தான். தனியாக வைத்திருந்த மயில் கழுத்துப் பச்சையை எடுத்து, பழைய பேப்பரை விரித்தான்.

"இரு" என்றார் உத்திராபதி.

அந்தப் புடவையை வாங்கிக் கவுண்டரில் பிரித்தார். கோடிப் புடவையை யாரும் பிரிப்பதில்லை. குறை சொல்லி மாற்ற வரப்போகிறவர்கள் யார்? அவர் முந்தானை முதல் உள்தலைப்பு வரை ஒவ்வொரு சாணாக வெளிச்சத்தில் பிடித்து, இழை விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்தார். கடையே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை. மடித்து, பேப்பரில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். கோவிந்தசாமி வாசல் வரை வந்தான். "போயிட்டு வாங்கண்ணே" என்று அவனால் சொல்ல முடியவில்லை.

பட்டம்மாளைக் கூட்டிப்போக வீட்டுக்கு வந்தார். துண்டு எடுக்க பீரோவைத் திறந்தபோது மேல்தட்டில் பெட்டி தெரிந்தது. எதற்கென்று அவருக்கே தெரியாது, அதைத் திறந்து கவரை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் பிரித்தார்.

உள்ளே பத்திரிகை இல்லை. அச்சகத்தில் சரிபார்க்கக் கொடுக்கிற புரூஃப் தாள் இருந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'தாய்மாமன் உத்திராபதி – பட்டம்மாள் அழைப்பு' என்று இருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் பெயர்கூட அதற்குக் கீழேதான். ஓரத்தில் நீல மையில் சந்திரலேகாவின் கோணல் எழுத்து.

'அண்ணே, உன் பேர மேல போடச் சொல்லியிருக்கேன். எழுத்து இன்னும் பெருசா வேணுமான்னு பாத்துச் சொல்லு. நீ சொன்னப்புறம்தான் அச்சடிக்கணும்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம நானும் அவுரும் தட்டோட வர்றோம். அண்ணிய வூட்லயே இருக்கச் சொல்லு.'

பத்திரிகையே ஆகாத தாளுக்கு யார் மஞ்சள் தடவுவார்கள்? இதை அவரிடம் காட்டுவதற்காகவே அத்தனை தூரம் அந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறாள். 'பிரிச்சுப் பாரு' என்று சொன்னாளே. ஊராருக்கு நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துக் காட்டிய கை, தங்கச்சி கொடுத்த ஒரு கவரைப் பிரிக்கவில்லை.

பட்டம்மாள் அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

திருப்பாதிரிப்புலியூரில் தெருவெல்லாம் ஒடிந்த கிளைகள். அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். வாசலில் தில்லைநாதன் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கம்பி கிழித்த காயம். "வா மச்சான்" என்று மட்டும் சொன்னார். சண்டை போட்டிருந்தால் உத்திராபதிக்குத் தாங்கியிருக்கும்.

உள்ளே சந்திரலேகாவைக் குளிப்பாட்டி, பூ வைத்து, பெரிய பொட்டு வைத்துக் கிடத்தியிருந்தார்கள். இளைத்திருந்தாள். காதோரம் நரை. இந்த நரை எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது. பேப்பரைப் பிரித்துப் புடவையை நீட்டினார். தெருவுக்கே மூத்தவளான தங்கம்மாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"இன்னாப்பா இது, மடிப்பு கலைஞ்சிருக்கு? கோடிய யாராவது பிரிப்பாங்களா? பிரிச்ச பொடவ கோடியா ஆவாது. வேற இருந்தா எடுத்துகினு வா."

சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த சிவகாமி எழுந்து வந்தாள். புடவையைத் தொட்டுப் பார்த்தாள். அதன் நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாமனைப் பார்த்தாள்.

"போத்துங்க ஆயா. பிரிச்சுப் பாக்காம எங்கம்மா எந்தப் பொடவையும் எடுக்க மாட்டாங்க."

அப்போதுதான் உத்திராபதி உடைந்தார். தங்கச்சியின் கால்மாட்டில் விழுந்து, "எடுப்பா இருக்குடி, எடுப்பா இருக்கு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாமன் வீட்டிலிருந்து பிள்ளைக்குப் புதுத்துணி கொடுக்க வேண்டும். உத்திராபதி அரக்குப் புடவைப் பெட்டியையே கொண்டுவந்திருந்தார். வேறு எதையும் எடுக்க மனசு வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு சிவகாமி முன்னால் அதை வைத்தார்.

"இது உனக்குன்னு அப்பவே எடுத்ததும்மா."

சிவகாமி பெட்டியைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல்தான்.

"அன்னிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தினப்புறம் ஒரு மணி நேரம் ஈரத்தோட நின்னேன் மாமா. பெரியப்பா வூட்ல ஒரு பொடவ குடுத்தாங்க. அம்மா வாங்கல. எங்கண்ணன் வந்துடும், இப்ப வந்துடும்னு வாசலையே பாத்துகினு இருந்தாங்க. எனக்கு ஒதறல் எடுத்துடுச்சு. அப்புறம் உள்ள போயி அவுங்க கல்யாணப் பொடவைய எடுத்தாந்தாங்க. இதுவும் உங்க மாமன் எடுத்ததுதான், இதக் கட்டிக்கோன்னாங்க. மாமன் பொடவையத்தான் கட்டினேன் மாமா நான்."

உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பழைய புடவையை அவமானம் என்று எண்ணி எத்தனை ராத்திரி புரண்டிருக்கிறார். ஊரெல்லாம் பார்க்க அவள் அண்ணனுக்கு மரியாதை செய்திருக்கிறாள். அவர் கேட்டு வாங்கத் துடித்த மரியாதை, கேட்காமலே ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது. வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

சிவகாமி பெட்டியைத் திறந்து, அம்மாவைப் போலவே புடவையை முழுக்கப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிடித்தபடி நின்றாள். ஐந்து வருஷமாக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடித்த இடத்திலெல்லாம் விட்டுப்போயிருந்தது. ஜரிகையின் ஓரமாக நெடுக விரிசல். அதன் வழியே ஜன்னல் தெரிந்தது.

"மாத்திக் குடுத்துடறேம்மா" என்றார் உத்திராபதி அவசரமாக. "நாளைக்கே வேற எடுத்தாந்துடறேன்."

"மாத்தறதெல்லாம் அம்மா பழக்கம் மாமா. எனக்கு இதுவே இருக்கட்டும்."

அவர் புடவையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். விட்ட இடத்தில் விரல் படாமல், பழைய மடிப்பை விலக்கி, வேறு மடிப்பில் மடிக்க ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு நூறு புடவை மடித்த கை. அன்றைக்கு ஒன்றை மடிக்க வெகுநேரம் ஆயிற்று. மடித்து அவள் கையில் கொடுத்தபோது, வாய் தன் பழக்கத்தில், "மூணு மாசத்துக்கு ஒருக்கா" என்று ஆரம்பித்தது. மீதியைச் சொல்ல அவரால் முடியவில்லை.